படத்தின் ஓரத்தில் ஒரு கை

அந்தக் கையை இப்போதும் பார்க்கிறேன். முழங்கை வரைதான் தெரியும், ஆள் இருக்காது.

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்காவில் ஒரு தமிழ் நாளிதழுக்கு நான் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் நானிங் பகுதி மலாய்க் கம்பங்களை, அதாவது கிராமங்களை, சுற்றினேன். அங்கே வீடும் வயலும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். மணம் முடித்தவன் மனைவி வீட்டுக்கு வந்து இருப்பான். ஒரு மலாய்க்காரப் பெண், கணவர் காதுபடவே, "இவர் இங்கே விருந்தாளி" என்று சொல்லிச் சிரித்தார். கட்டுரையை அந்த வரியில் தொடங்கினேன்.

அது அச்சேறிய மறுநாள், சாலைக்கு இந்தப் பக்கம் இருந்த ரப்பர் தோட்டத்துக்குப் போனேன். தோட்டம் கைமாறியிருந்தது. நிர்வாகம் தருவதாகச் சொன்ன புது வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை லயத்தை, தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டு வெளியேறுவதில்லை என்று குடும்பங்கள் உறுதியாக இருந்தன. அந்த உறுதியைக் கட்டிக் காத்தவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒரு பெண். மானேஜரிடம் பேசியவர் அவர். யாரும் தனியாகக் கையெழுத்துப் போடக்கூடாது என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தவரும் அவர்தான்.

படம் எடுக்க எல்லோரையும் கோயில் முன்னால் நிற்க வைத்தேன்.

"தலைவர் நடுவுல வாங்கக்கா."

"ஐயோ, நானா? இவர நிக்க வைங்க," என்று கணவரின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "என் பேரு பேப்பர்ல வந்துச்சுன்னா இவரு ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டாரு லா."

"பொண்டாட்டிக்குப் பயந்தவருன்னு பெரிய எழுத்துல போட்டுருங்க!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். கணவரும் சிரித்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

தோட்ட மக்களின் தலைவர் என்று கணவரின் பெயரையே எழுதினேன். அலுவலகத்தில் படத்தை ஒரு பத்தி அகலத்துக்கு வெட்டினார்கள்.

சில நாளில், தலைவர் என்று குறிப்பிட்டு, நிர்வாகத்தின் கடிதம் கணவர் பெயருக்கு வந்தது. அப்போது மனைவி ரப்பர்க் காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். கணவர் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தனியாகப் போனார். நாற்காலி கொடுத்தார்கள், தேநீர் கொடுத்தார்கள். மாத முடிவுக்குள் லயத்தைக் காலி செய்ய ஒப்புக்கொள்ளும் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதைக் காட்டியே மற்ற குடும்பங்களையும் ஒவ்வொன்றாக வெளியேற்றினார்கள். சாவி யாருக்கும் வரவில்லை.

லயத்தை இடித்த அன்று வேறொரு நிருபரை அனுப்பச் சொல்லிவிட்டேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து, மலாக்காவின் செங் பகுதியில் ஃபேக்டரி பஸ்ஸிலிருந்து நீலச் சீருடையில் இறங்கிய அந்த அக்கா என்னை அடையாளம் கண்டுகொண்டார். வாடகை வீட்டுக்கு அழைத்துப் போனார். சுவரில் அந்தச் செய்தித் துண்டு சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

"அவரு மாட்டுனது. எடுக்கச் சொல்ல மனசு வரல. லயத்துல எடுத்த படம்னு வேற ஒன்னும் இல்ல."

"உங்க பேரத்தான் போட்டிருக்கணும்க்கா."

"நான் வெக்கத்துல சொன்னேன்." கோபமில்லாத குரல். "நீங்க ஏன் தங்கச்சி அத கேட்டு எழுதுனீங்க?"

தண்ணீர் எடுத்துவர உள்ளே போனார். கண்ணாடிக்குள் கணவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருந்தார். வெட்டிய ஓரத்தில், இரண்டு வளையல்களோடு, அவர் தோளை ஒரு கை தள்ளிக்கொண்டே இருந்தது.