வினிகரில் ஊறும் கறி

1987 செப்டம்பர், சாலை மறியலின் ஆறாம் நாள். வெட்டிப்போட்ட புளியமரங்கள் நான் வந்த பேருந்தை மறித்ததால் வடக்கனந்தலில், மேரியம்மா வீட்டில் தங்கியிருக்கிறேன். ஜெர்மன் பாதிரியாருக்குச் சமைத்தவர். லாரி ஓட்டும் கணவர் புறப்படும் அன்றே மேரியம்மா மாட்டுக்கறியை வினிகரில் ஊறப்போடுவார். மூன்றாம் நாள் அவர் திரும்பியதும் ஜெர்மன் குழம்பு கொதிக்கும். இம்முறை மறியலின் முதல் நாளில் போனவர் இன்னும் வரவில்லை.

மேரியம்மா வெங்காயம் வதக்குகிறார். "அவரு புளிச்ச கறின்னு கிண்டல் பண்ணிக்கினே சட்டிய வழிப்பாருங்க. இன்னிக்கு ஆக்கலன்னா வீணாப்பூடும்."

பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வருகிறார். "யக்கா, விழுப்புரத்தாண்ட மாமா லாரி எரிஞ்சி கெடக்குதாம்."

"அவரு?"

"தெரியலக்கா."

மேரியம்மா அடுப்பை அணைக்கிறார். சீசாவில் மிச்சமிருந்த வினிகரைக் கறிமேல் ஊற்றி மூடுகிறார்.

"இன்னும் ரெண்டு நாள் தாங்கும்."