என் பெயருக்கு இரவல் எழுத்து

பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்துடன் இணைக்க, தீப்பெட்டித் தொழிலாளரின் இருமல் பற்றிய என் ஆங்கில ஆய்வுக் கட்டுரையை ஐம்பதுகளில் சிவகாசி அச்சகமொன்றில் கொடுத்தேன். கம்பாசிட்டர் ஒல்லியானவர், ஒவ்வோர் ஈய எழுத்தையும் ஊதிவிட்டே கோப்பார். கட்டுரைக்கு ஆதாரமான ஆய்வாளர்களின் பட்டியலுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“டாக்டரய்யா, உங்க பேரையே இம்புட்டுத் தடவை போட்டிருக்கீக. அந்த எழுத்தெல்லாம் தீந்துபோச்சு. வேற யாரும் இருமலைப் பத்தி எழுதலையாக்கும்?”

“எழுதியிருக்காங்க.”

“அப்ப அவுக பேரைப் போடுவோம். அந்த எழுத்துக சும்மாதான கெடக்கு.”

“இருக்கிறபடியே போடுங்க” என்று எரிந்துவிழுந்தேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்து அச்சகத்தில் எழுத்து இரவல் வாங்கி வந்தார்.

பதவி எனக்கே கிடைத்தது. எனக்கு முன்பே அந்த இருமலை ஆராய்ந்தவரும் அதற்கு விண்ணப்பித்திருந்தார். அவர் பெயரை நான் வேண்டுமென்றே விட்டிருந்தேன். கம்பாசிட்டருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இரவல் கேட்கப் போயிருக்க மாட்டார் என்றே இன்றும் நினைக்கிறேன்.