மஞ்சள் தெளித்த பாறையில் நீர்நாய்

நீர்நாய்க் கணக்கெடுப்புக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நாங்கள் ஆற்றங்கரையில் தேடுவது அதன் எச்சத்தைத்தான். மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து பாறைமேல் கிடக்கும். மூக்கைப் பிடிக்காமல் குனிந்து பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஆற்றுப் பாறையில் அந்த எச்சத்தைக் கண்டேன். அதே இடத்தில் அணை கட்டி மின்சாரம் எடுக்க ஒரு கம்பனி காத்திருந்தது. கட்டினால் நீர்நாய்க்கும் ஆறில்லை, லயத்துக்கும் குளிக்கத் தண்ணீரில்லை. என் போட்டோ மட்டும் போதாது. அணையை நிறுத்த, மேலதிகாரி ரிஸ்வான் சேர் நேரில் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். "நாளைக்குப் பெரிய சேர் ஆத்தப் பாக்க வர்றாரு" என்று லயத்தில் சொல்லிவிட்டுப் போனேன்.

மறுநாள் சேருடன் ஆற்றுக்கு இறங்கினேன். பாறையைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கரையில் கோலமும் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் தோட்டத்தில் சாக்கடைக் கான்களைச் சுத்தம் செய்து சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். இந்த முறை அந்த மரியாதை ஆற்றுக்கு.

"ஒரே நாய்ப்பீயா கெடந்துச்சுங்க மிஸ். சேர் கால் வைக்கிற எடமாச்சே, நாங்களே ஒரசிக் கழுவிட்டோம்" என்றார் கொழுந்தெடுக்கும் செல்லம்மா அக்கா, பெருமையாக.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

"இப்ப நான் என்னத்த எழுதுற? கோலம் இருக்குண்டா?" என்றார் சேர்.

"அது தன்னோட எடம்னு காட்டத்தான் இங்க வைக்குது சேர். வாசம் போச்சுன்னா திரும்ப வந்து வைக்கும். நாளைக் காலைல வரைக்கும் பொறுங்க."

"வைக்கல்லண்டா?"

"வைக்கும் சேர்."

எனக்குப் பிடிவாதம் தாராளமாகவே உண்டு. சேர் தோட்டத்து பங்களாவில் தங்கினார். கழுவியது எதை என்று தெரிந்ததும் செல்லம்மா அக்கா தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லயம் முழுக்கப் போனார். அன்று யாரும் ஆற்றில் துணி துவைக்கவில்லை, நாய்களையெல்லாம் கட்டிப்போட்டார்கள்.

விடிந்ததும் மூவரும் இறங்கினோம். அந்த மஞ்சளின் மேலேயே, ஈரம் காயாமல், செதில் மினுங்கக் கிடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சேர் குந்தி உட்கார்ந்து மோந்து பார்த்தார். அங்கேயே எழுதினார்.

அணை வேறிடத்துக்குப் போனது. நான் படித்தது இதுதான்: ஊருக்குள் போனால், யார் வருகிறார் என்பதை அப்புறம் சொல்லலாம். எதைத் தேடுகிறோம் என்பதை முதலில் சொல்லுங்கள்.

அடுத்த கணக்கெடுப்புக்குப் போனபோது செல்லம்மா அக்கா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"வாங்க மிஸ், இன்னைக்கும் வச்சிருக்கு!"