தம்பியின் பதினேழு வயது

பேஸ்பால் மைதானத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருக்கும் 'யூசேபியோ' என்ற பெயர் அவருடையதே அல்ல. அந்தக் கரும்பாலை ஊரில் இது மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவருக்கு, அவர் தம்பிக்கு, தம்பி பெண்டாட்டி நூரிஸுக்கு. தம்பி போன வாரம் செத்துப்போனான்.

டொமினிக்கன் நாட்டில் இது ஒன்றும் புது வித்தை இல்லை. வடக்கே அமெரிக்காவிலிருந்து பேஸ்பாலுக்கு ஆளெடுக்க வருகிறவர்களுக்குப் பதினேழு வயதுப் பையன்தான் வேண்டும். இருபத்தொன்று என்றால் கிழவன். தரகன் வழி சொன்னான். பெர்மின் என்று பிறந்தவர், தம்பி யூசேபியோவின் பிறப்புச் சான்றிதழோடு விமானம் ஏறினார். அண்ணனுடைய காகிதம் தம்பிக்கு மிஞ்சியது. தம்பியும் பந்து எறிவான். உண்மையைச் சொன்னால் அண்ணனைவிட நன்றாகவே எறிவான். காகிதத்தில் இருபத்தொன்று ஆனவனை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? சாகும்வரை கரும்பு வெட்டினான். அண்ணனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவி, கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

அண்ணன் அங்கே ஐந்து வருஷம் எறிந்தார். தோள் போனதும் திரும்பிவந்து, தங்களை யாருக்கும் தெரியாத இந்த ஊரில் தம்பியோடு குடியேறினார். ஓய்வூதியம் இன்றைக்கும் யூசேபியோ பெயருக்குத்தான் வருகிறது.

செத்தவருக்காக ஒன்பது நாள் ஜெபம் சொல்வார்கள்; அன்று ஒன்பதாம் நாள், கடைசி ஜெபம். ஜெபத்தை நடத்தும் ஜெபக்காரி கேட்கும்போது செத்தவர் பெயரை வீட்டுக்கு மூத்தவர்தான் சொல்ல வேண்டும். காலையிலேயே நூரிஸ் வந்து நின்றாள்.

"காகிதத்துல எப்படியோ போகட்டும் அத்தான். சாமிகிட்டயாவது அவரு பேரச் சொல்லுங்க. வேற பேருல கும்பிட்டா அவரு எங்க போவாரு?"

"சொல்றேம்மா," என்றார். மனதாரத்தான் சொன்னார்.

மதியம் முற்றம் நிறைந்துவிட்டது. பழைய ஆட்டக்காரர்கள் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் பெயர் எழுதவைத்த நகரசபைக்காரரும் முன்வரிசையில் இருந்தார். ஜெபக்காரி பெயர் கேட்டாள். அவர் நகரசபைக்காரரைப் பார்த்தார். ஓய்வூதியம் ஞாபகம் வந்தது.

"பெர்மின்," என்றார்.

பெர்மினின் ஆன்மா சாந்தியடைய ஊரே வேண்டிக்கொண்டது. அவரும் ஆமென் சொன்னார்.

ஜெபம் முடிந்து நூரிஸ் வரிசையாகக் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் கோப்பையை நீட்டினார். அவள் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"செத்தவருக்குக் காப்பி ஊத்துற வழக்கம் எங்க வீட்டுல இல்ல, அத்தான்."

அடுத்தவர் கோப்பைக்கு நகர்ந்துவிட்டாள்.