வாபஸ் கடிதம்

எங்கள் தெரு முடியும் இடத்தில் பெரிய வெற்று நிலம் ஒன்று இருந்தது. கோரைப்புல் மண்டிய பொட்டல். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் முழுக்க அங்கே போய் நிற்கும். தை பிறப்பதற்குள் மண்ணுக்குள் இறங்கிவிடும். அரசாங்க வரைபடத்தில் அதைத் திறந்தவெளி என்று குறித்திருந்தார்கள். அங்கே யாரும் கட்ட முடியாது என்று நம்பித்தான் நாங்கள் எல்லோரும் சிட்லபாக்கத்துக்கு அந்தப் பக்கம் மனை வாங்கினோம்.

அந்த நிலத்தை அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்போவதாகவும், ஆட்சேபம் இருந்தால் எழுதித் தரலாம் என்றும் பேப்பரில் சின்னதாக ஓர் அறிவிப்பு வந்தது. அதை முதலில் பார்த்தவர் கடைசி வீட்டு அக்கா. அவருடைய கணவர் தாம்பரத்தில் துணிக்கடை வைத்திருந்தவர்; பக்கவாதம் வந்த பிறகு கட்டிலோடு கிடந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய். நிலத்தை ஒட்டியிருந்த அவர்கள் வீடுதான் தெருவிலேயே தாழ்வானது. என் வீடு தெருமுனையில், மேட்டில்.

நான் அப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. மனு எழுத வரும் என்பதற்காகவே என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள்.

"தம்பி, இதைப் பாருங்க. அங்க மண்ணைக் கொட்டி மேடாக்கிட்டா தண்ணி எங்க போகும்? என் வீட்டுக்குள்ளதானே வரும்?" என்றார் அக்கா.

இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நிலத்துக்காரர் பழைய ஊர்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். டீக்கடையில் என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இன்னா சார், நீங்க வூடு கட்டிகினு கீற இடமும் எங்க வயலுதான். அப்போ தண்ணி எங்க போவும்னு யாராவது கேட்டீங்களா?" டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். மனுவை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரத்தில் கட்டுமான நிறுவனத்தின் ஆள் ஒருவர் வந்தார். மரியாதையாகப் பேசினார். தெருவுக்குத் தார் ரோடு, மழைநீர் வடிகால் எல்லாம் போட்டுத் தருவார்களாம். சங்கம் ஆட்சேபணையைத் திரும்பப் பெற வேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டு போர்டிகோவில் கூட்டம் போட்டோம். "நம்ம மனை விலையும் ஏறும்" என்றார் ஒருவர். பலர் சிரித்தார்கள்.

அக்கா எழுந்து நின்றார். "எங்க வீட்டுக்காரரைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும். தண்ணி வந்தா நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?"

"அதான் டிரெய்னேஜ் போடறேன்னு சொல்றாங்களேம்மா" என்றார் தலைவர்.

கை தூக்கச் சொன்னபோது நானும் தூக்கினேன். சாயங்காலம் கடிதத்தை டைப் செய்ததும் நான்தான். 'எங்களுக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை' என்ற வரியை இரண்டு முறை திருத்தினேன், எழுத்துப் பிழை இருந்ததால்.

அக்கா தனியாக ஒரு மனு கொடுத்தார். விசாரணை நாளன்று அதிகாரி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சங்கமே வாபஸ் வாங்கிடுச்சு. உங்களுக்கு மட்டும் என்னம்மா பிரச்சினை?" என்றார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த வீடு எவ்வளவு பள்ளம் என்று நான் எழுந்து சொல்லியிருக்கலாம். இரண்டு நாற்காலி தள்ளித் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அனுமதி கிடைத்தது. மாதக்கணக்கில் லாரிகள் மண்ணைக் கொட்டின. தார் ரோடும் வந்தது, அக்கா வீட்டு வாசற்படியைவிட ஒரு முழம் உயரமாக. வடிகாலைப் பாதி தூரம் தோண்டி, அவர் வீட்டுச் சுவரோரம் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டால் மீதி மாநகராட்சியின் வேலை என்றார்கள்.

அடுத்த கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "தம்பி, கட்டில் நனையுது. வாங்க."

நாலு பேர் போனோம். சாக்கடை கலந்த தண்ணீர் தொடை வரை நின்றது. அக்கா கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். பாயை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவருக்குப் பேச்சு வராது. நல்லாயிருந்த கையால் என் சட்டைக் காலரைப் பிடித்தவர், என் வீட்டு ஹாலில் இறக்கும்வரை விடவேயில்லை. எங்கள் தரை உலர்ந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து, வண்டலூரில் இருந்த அக்காவின் தம்பி வந்து அவர்களை அழைத்துக்கொண்டு போனார். ஒரு மாதத்துக்குள் பாய் இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்களாம். அந்தத் தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. அக்கா வீட்டை வந்த விலைக்கு விற்றார். நான் செயலாளர் பொறுப்பை விட்டேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

போன வருஷம் தாம்பரம் ஸ்டேஷனில் அக்காவைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். என் மனைவியின் முட்டிவலியைப் பற்றி விசாரித்தார். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, "அக்கா, அந்த லெட்டரை நான் எழுதியிருக்கக் கூடாது" என்றேன்.

யாராக இருந்தாலும் எழுதியிருப்பார்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"ஆமா தம்பி. எழுதியிருக்கக் கூடாது" என்றார்.

குரலில் கோபம் இல்லை. செங்கல்பட்டு வண்டி வந்தது. பையை எடுத்துக்கொண்டு பெண்கள் பெட்டியில் ஏறி, உட்கார இடம் தேடி உள்ளே போய்விட்டார்.