சந்தனப் பொட்டு வைத்த பெட்டி

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். அம்மையும் காமாலையும் வந்து போன வீடுதான். ஒன்றையும் நான் கைதவற விடவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லப்போவது எனக்குப் பெருமையான சங்கதி இல்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால், நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

பெரம்பலூரில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் சிமெண்டு லாரி ஓட்டுகிறான். வீட்டில் தங்குவது குறைவு. மருமகள் முன்னறையில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு பிளக்ஸ் பேனர் டிசைன் செய்கிறாள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் இவளிடம்தான் வருவார்கள். அவர்கள் கொடுத்த போட்டோ எதையும் இவள் அழிக்க மாட்டாள். கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டால் பழசையெல்லாம் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டிக்கு மாற்றிவிடுவாள். அதற்குப் பெயர் ஹார்ட் டிஸ்க்.

போன வருடம் ஆயுத பூஜைக்கு அவள் பொரியும் பூவும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். நான் வீட்டைத் துடைத்து, அரிவாளையும் அரிவாள்மணையையும் கழுவி வைத்தேன். கம்ப்யூட்டரில் தண்ணீர் படக்கூடாது என்பது எனக்குத் தெரியும். அதை உலர்ந்த துணியால்தான் துடைத்தேன். பெட்டி எதிலும் சொருகாமல் தனியாகக் கிடந்தது. கரண்டு இல்லாத சாமானைத் தண்ணீர் என்ன செய்யும்? காடு கழனி இருந்த காலத்தில் மெயினை அணைத்துவிட்டு மோட்டாரையே தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்தவள் நான். பெட்டியைக் குழாயடியில் காட்டி, விரல் பட்ட பிசுக்குப் போகத் தேய்த்து, மாடியில் வெயிலில் காயவைத்தேன். சாமி முன்னால் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டேன். வயர் சொருகும் ஓட்டையில் கொஞ்சம் சந்தனம் இறங்கிவிட்டது. அதை நான் கவனிக்கவில்லை.

பூஜை முடிந்து மறுநாள் அவள் அதைக் கையில் எடுத்தாள்.

"இத கழுவுனீங்களாத்த?"

"ஆமா. எம்புட்டு அழுக்குங்கற. இப்ப பாரு, புதுசாட்டம் இருக்கு."

அவள் ஒரு ஊக்கை எடுத்து ஓட்டையில் இருந்த சந்தனத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். திருச்சியில் ரிப்பேர் பார்க்கும் கடைக்கு அனுப்பிப் பார்த்தோம். உள்ளே இருந்தது எதையும் எடுக்க முடியாது என்று திரும்பி வந்துவிட்டது.

சில நாள் கழித்து வாலிகண்டபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். அவருடைய அம்மாவுக்கு முதல் வருடத் திதி. பேரன் காதுகுத்துப் பேனரில் போட்டிருந்த அம்மாவின் போட்டோ வேண்டுமாம். அந்தம்மா வேறு போட்டோவே எடுத்துக்கொண்டதில்லை.

"அந்தப் பேனர வச்சிருக்கீங்களாண்ணே? அதுலேர்ந்து எடுத்துப் பாக்கலாம்" என்றாள் மருமகள்.

"ஆட்டுக்கொட்டாய் மேல போட்டுருக்கம்மா. வெயில்ல மொகம் வெளுத்துப் போயி பொடவைதான் தெரியுது."

அவர் சண்டைக்கு வரவில்லை. ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டார். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "நல்லா இருங்கம்மா" என்று எனக்கே சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் புதுப் பெட்டி வாங்கக் கிளம்பினாள். "நீங்களும் வாங்கத்த" என்றாள். போனேன். கடைக்காரர் இரண்டு தினுசு எடுத்து வைத்தார். ஒன்றில் உள்ளே தட்டு சுற்றுமாம். நிறையப் பிடிக்கும், விலையும் குறைவு, ஆனால் கீழே போட்டால் போச்சு. இன்னொன்றில் சுற்றுகிற வேலையே இல்லை. சின்னது, வேகம், விலைதான் கூட. மருமகள் இரண்டையும் மாறி மாறிக் கையில் வைத்துப் பார்த்தாள்.

"பழசு எப்படிப் போச்சு?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தண்ணி பட்டுருச்சுண்ணே. கைதவறி நான்தான் வாளியில போட்டுட்டேன்."

"நல்லாருக்கும்மா. இதுலயே பொழப்ப வச்சிக்கிட்டு இப்படியா அசால்ட்டா இருப்பாங்க? ஊருச்சனம் போட்டோவெல்லாம் உன்ன நம்பித்தான குடுத்துருக்கு?"

கடையில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். ஒருவன் சிரித்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமாண்ணே, தப்புதான்" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'அவ இல்லப்பா, நான்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரைக்கும் வந்தது. ஐந்து பேரை வளர்த்தவள் நாலு பேர் முன்னால் சிரிப்புக்கு ஆளாவதா என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியைக் கழுவியது தெரியாமல் செய்தது. இது தெரிந்தே செய்தது.

கடைசியில் தட்டு சுற்றுகிற தினுசிலேயே இரண்டு வாங்கினாள். இரண்டிலும் ஒரே சரக்கைப் போட்டு, ஒன்றை அரியலூரில் அவள் அம்மா வீட்டில் வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"எங்கைக்கு எட்டாம வைக்கிறியாக்கும்."

"அதெல்லாம் இல்லத்த. திருட்டு, தீ, எதுவோ ஒண்ணு இங்க ஆச்சுன்னா அங்க ஒண்ணு இருக்கும்ல."

கடைக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தார். ஆனாலும் எனக்கு உறுத்தியது.

இந்த வருடப் பூஜைக்குப் புதுப் பெட்டி வந்த அட்டை டப்பாவைச் சாமி முன்னால் அவளே வைத்திருந்தாள். டப்பா காலி. "வாங்கத்த, நீங்களே பொட்டு வைங்க" என்றாள். வைத்தேன். கொஞ்சம் குங்குமம் தரையில் கொட்டியது.

இதுவரைக்கும் அவளிடம் நான் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. இப்போதும் அவள் முன்னறையில்தான் இருக்கிறாள். பொத்தானைத் தட்டுகிற சத்தம் இங்கே கேட்கிறது.

பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "அப்பத்தா, அம்மா இத படிச்சா?"

படிக்க வேண்டாம் சாமி. எழுதுனத மொதல்லேர்ந்து வாசி. கதவத் தொறந்து வச்சிட்டு, சத்தமா வாசி.