ஒரே ஒரு மெம்பர்

அந்தக் கல்லூரியில் தலைவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. இளம் தொழில் தலைவர்கள் பேரவையின் கிளையில் மொத்தம் பதின்மூன்று மாணவர்கள். அதில் பன்னிரண்டு பேர் பதவியில் இருந்தார்கள். தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர் என்று வரிசையாகப் போய், பதவி தீர்ந்த பிறகும் ஆட்கள் மிச்சமிருந்ததால் தொலைநோக்கு இயக்குநர், புத்தாக்கப் பொறுப்பாளர், ஊக்க அதிகாரி என்று வாயில் வந்ததையெல்லாம் பதவியாக்கிவிட்டார்கள். அந்த ஊக்க அதிகாரி பாதிக் கூட்டத்தில் தூங்கிவிடுவான், அது வேறு கதை. பதின்மூன்றாவது ஆளுக்கு ஒரு பதவி யோசிப்பதற்குள் எல்லோருக்கும் பசி வந்துவிட்டது. அவளை மெம்பர் என்று எழுதிக்கொண்டார்கள். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அவளும் தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வதற்காக அங்கே போகவில்லை. அந்தக் கட்டடத்திலேயே பேரவை அறையில் மட்டும்தான் மின்விசிறி உருப்படியாகச் சுற்றியது. முதலாண்டில் ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவோடு உள்ளே நுழைந்து மூலையில் உட்கார்ந்தாள். செயலாளராக இருந்த சீனியர் பெண், எது நடந்தாலும் நோட்டில் எழுதுகிறவள், எல்லோருக்கும் மினிட்ஸ் அக்கா, ஒரு விண்ணப்பத்தை நீட்டினாள்.

"பதவியெல்லாம் முடிஞ்சிருச்சும்மா. வெறும் மெம்பர்தான் இருக்கு. பரவால்லயா?"

"ஃபேன் தினம் ஓடும்ல?" என்றாள் இவள்.

ஓடும் என்றார்கள். கையெழுத்துப் போட்டாள். இதையும் மினிட்ஸ் அக்கா எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து நாற்காலி போடுவது, மைக் கடன் வாங்கி வருவது, வந்த விருந்தினரை வாசலில் தேடுவது எல்லாம் மெம்பர் வேலை. பன்னிரண்டு பேர் கட்டளையிட்டால் யாராவது ஒருத்தராவது செய்ய வேண்டாமா? தலைவர் பெயருக்கேற்ற தலைவர்தான். வெயில் கொளுத்தினாலும் கறுப்புக் கோட்டைக் கழற்ற மாட்டான். அதனால் முதுகுக்குப் பின்னால் அவனுக்குக் கோட்டு என்று பெயர். இரண்டாமாண்டு படிக்கும்போதே விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தான். துணைத் தலைவர்களில் ஒருவன் இவள் வகுப்புதான். தண்ணீர் குடிக்கலாமா என்று கேட்டால்கூட அதற்கு ஒன்பது ஸ்லைடு போட்டுக் காட்டுவான். அவனுக்கு என்ன பெயர் என்று சொல்லவே வேண்டாம்.

தலைமையகம் ஒரு கடிதம் அனுப்பியது. ஒவ்வொரு கிளையும் நிஜமான ஒரு தொழிலை நடத்திக் காட்ட வேண்டுமாம். என்ன தொழில் என்று முடிவு செய்ய ஐந்து கூட்டம் போட்டார்கள். ஐந்தாவது கூட்டத்தின் முடிவில், முடிவு செய்ய ஒரு துணைக்குழு அமைப்பது என்று முடிவாயிற்று. இந்த அழகில் கூட்டம் போய்க்கொண்டிருக்கும்போது ஸ்லைடின் லேப்டாப் பை ஜிப் வாயைப் பிளந்துவிட்டது. இழுத்தால் ஓடுகிறது, மூடத்தான் மாட்டேன் என்கிறது.

"குடு இப்படி" என்று வாங்கினாள் மெம்பர்.

அவள் அம்மா தையல்காரி. வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் மிஷின். இவள் தவழ்ந்ததும் நடந்ததும் அதன் காலடியில்தான். பொம்மைக்குப் பதில் குறடு வைத்து விளையாடியவள். ஜிப்பில் மேலும் கீழும் ஓடுகிற ரன்னர் நாளாக நாளாக வாய் அகன்று போகும், அப்போது பல் கோக்காது. குறட்டால் இரண்டு ஓரத்தையும் பட்டும் படாமலும் அழுத்த வேண்டும். கொஞ்சம் கூடினால் சிக்கிக்கொள்ளும், கொஞ்சம் குறைந்தால் மறுபடி பிளக்கும். பையில் எப்போதும் கிடக்கும் குறட்டால் அழுத்தினாள், கூடவே கிடந்த மெழுகுவத்தித் துண்டைப் பல்லில் தேய்த்தாள், சர்ரென்று இழுத்து மூடினாள். ஊக்க அதிகாரியே விழித்துக்கொண்டான்.

மறுநாள் ஸ்லைடின் கூட்டாளிகள் மூன்று பேர் பையோடு வந்தார்கள். அடுத்த வாரம் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய மேசை, ஒரு ஸ்டூல், ஒரு குறடு. நிமிர்ந்தால் தலை இடிக்கும் இடம். ஜிப் கடை என்று அட்டையில் எழுதி ஒட்டினாள். தலைமையகத்துக்குப் போன அறிக்கையில், "தீவிரச் சந்தை ஆய்வுக்குப் பின் நாங்கள் இத்தொழிலைத் தொடங்கினோம்" என்று கோட்டு எழுதினான். போகட்டும். அவளுக்கு அதில் வருத்தமில்லை. பிளந்த வாயோடு வருகிற பையை மூடித் திருப்பிக் கொடுக்கும்போது வாங்குகிறவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும், அது அவளுக்குப் பிடித்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு இடம் தன்னுடையது என்று தோன்றியது.

அம்மாவுக்குத்தான் வயிற்றெரிச்சல். "இந்த மிஷின் பொழப்பு என்னோட போகட்டும்னு உன்ன காலேஜுக்கு அனுப்புனா, நீ அங்க போயி படிக்கட்டுக்கு அடியில கடை போடுற" என்பாள். சொல்லிக்கொண்டே நல்ல ரன்னராகப் பொறுக்கி ஒரு டப்பா நிறையக் கொடுத்தும் அனுப்புவாள்.

இரண்டாமாண்டில் மண்டல மாநாடு வந்தது. வேறோர் ஊரில் பெரிய அரங்கம், ஐநூறு பேர், ஐநூறு பேரும் தலைவர்கள். கோட்டு பேச்சுப் போட்டியில் நின்றான். தலைப்பு, நெருக்கடியில் நிதானம். அவன் முறைக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஆளைக் காணோம். கழிப்பறைக்குள் போனவன் வெளியே வரவில்லை. வழக்கம்போல மெம்பரை அனுப்பினார்கள்.

ஆண்கள் கழிப்பறை வாசலில் நின்று குரல் கொடுத்தாள். உள்ளே வேறு யாரும் இல்லை, ஒரே ஒரு கதவு மட்டும் சாத்தியிருந்தது.

"அண்ணா, அடுத்தது நீங்கதான்."

"நான் பேசல. போயிச் சொல்லிரு."

"வயிறு சரியில்லயா?"

"இல்ல."

"பயமா?"

உள்ளே தாழ்ப்பாள் ஒருமுறை லொடக்கென்றது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல்: "ஜிப்."

அவள் சிரிக்கவில்லை. "கழட்டி மேல போடுங்க" என்றாள்.

கதவுக்கு மேலாகப் பேன்ட் வந்து விழுந்தது. ரன்னர் ஒரு பக்கம் முழுக்கக் கழன்றிருந்தது. உள்ளே போய் எடுத்து, கைகழுவும் தொட்டியோரம் அதை விரித்து, தன் பையிலிருந்த கத்தரி, ஊசிநூல், குறடு எல்லாவற்றையும் பரப்பி, அடிப்பல் இரண்டைக் கத்தரித்து, ரன்னரை நுழைத்து, அடியில் நாலு தையல் போட்டு முடிச்சிட்டு, குறட்டால் அழுத்தி, மேலே எறிந்தாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கோட்டு மேடையேறி, உண்மையான தலைவன் எந்த நெருக்கடியிலும் நிதானம் இழப்பதில்லை என்று முழங்கி, இரண்டாம் பரிசு வாங்கினான்.

திரும்பி வரும் பேருந்தில் எல்லோரும் பரிசைக் கையிலிருந்து கைக்கு மாற்றிப் படம் எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு விஷயம் வயிற்றுக்குள் இருந்தால் எவருக்கும் வாய் நமநமக்கும். மெம்பர் ஜன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றாள், வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை, அடுத்த மாதமும் இல்லை. கோட்டு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அவளை எதிரே கண்டால் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிடுவான்.

மாநாட்டிலிருந்து அவன் ஒரு புதுப் பித்தோடு வந்திருந்தான். பதவியில் இருப்பவர்கள் ஓட்டுப் போட்டால் தங்களுக்கு வேண்டியவர்களுக்குத்தான் போடுவார்கள், ஆகவே பொறுப்பாளர்களுக்கும் வேட்பாளர்களுக்கும் வாக்குரிமை கிடையாது என்று ஒரு விதியை எழுதினான். பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். பேரவையைக் கவனித்துக்கொள்ளும் வணிகவியல் சார் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறவர், இதிலும் போட்டார். தலைமையகம் முத்திரை குத்தியது. ஆண்டுக் கடைசியில் புதுத் தலைவருக்குத் தேர்தல் வந்தபோதுதான் மினிட்ஸ் அக்கா நோட்டைப் புரட்டிவிட்டு மெதுவாகச் சொன்னாள், "நம்ம கிளையில ஓட்டு இருக்கறது ஒரே ஒரு ஆளுக்குத்தான்."

பன்னிரண்டு தலையும் மூலைக்குத் திரும்பின. மெம்பர் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

விதியை மாற்றலாமே என்றான் ஸ்லைடு. மாற்றவும் ஓட்டு வேண்டும். அந்த ஓட்டும் அவளுடையதுதான்.

அடுத்த இரண்டு வாரம் அவளுக்கு நடந்த உபசாரம் இருக்கிறதே, அம்மம்மா. தலைவர் பதவிக்கு மூன்று பேர் நின்றார்கள். மூன்று பேரும் போட்டி போட்டுக்கொண்டு அவளுக்குப் பாடக் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். மாடிப்படிக்கு அடியில் குனிந்து வந்து, தலையை இடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே நலம் விசாரித்தார்கள். மூன்று பேர் திட்டமும் அச்சு அசலாக ஒன்றுதான்: ஜிப் கடையை மூடிவிட்டு ஒரு ஆப் செய்வது. ஆப் செய்த கிளைகளுக்குத்தான் தலைமையகம் விருது கொடுக்கிறதாம். ஸ்லைடு பதினான்கு ஸ்லைடு காட்டினான்.

"ஜிப் பிஞ்சு போச்சுன்னா பக்கத்துல எங்க சரி பண்ணலாம்னு ஆப் காட்டும்" என்றான்.

"இங்க பக்கத்துல நம்ம கடைதான இருக்கு?"

"அததான் மூடிருவோமே. இந்த இடம் ஆப்புக்கு ஆபீஸ்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அன்று வீட்டில் டப்பாவில் இருந்த ரன்னர்களைக் கையில் அளைந்துகொண்டே, "கடைய மூடப் போறாங்கம்மா" என்றாள். அம்மா சந்தோஷப்படுவாள் என்று நினைத்தாள். அம்மா மிஷினை நிறுத்திவிட்டு, "யாரு உன்ன கேக்காம மூடுறது?" என்றாள்.

தேர்தல் நாள். ஒரே ஓட்டுதான் என்றாலும் ரகசிய வாக்கெடுப்பு என்று மூலையில் திரை கட்டியிருந்தார்கள். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குத் தங்கத்தாள் சுற்றி ஓட்டுப்பெட்டி. சார் நடுவில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். தலைவராக அது கோட்டுக்குக் கடைசிக் கூட்டம். அன்று யார் என்ன பதவியில் இருக்கிறார்களோ அதைத்தான் தலைமையகம் சான்றிதழில் அச்சடிக்கும். அடுத்த வாரம் அவனுக்கு ஒரு கம்பெனியில் நேர்காணல். அந்தச் சான்றிதழுக்காகத்தான் இரண்டு வருடம் வெயிலில் கோட்டுக்குள் வெந்தான்.

மெம்பர் எழுந்து நின்றாள். "நானே தலைவருக்கு நிக்கலாமா?"

மினிட்ஸ் அக்கா விதியைப் பார்த்தாள். "நிக்கலாம். ஆனா நின்னா நீ வேட்பாளர். உனக்கும் ஓட்டு இல்ல. யாருக்குமே ஓட்டு இல்ல."

"யாராவது பதவிய விட்டுட்டு மெம்பரா வந்தா?"

"எழுதிக் குடுத்தா போதும், அந்த நிமிஷமே மெம்பர்தான், ஓட்டுப் போடலாம்" என்றார் சார், தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"அப்ப நான் நிக்கறேன். கடை இருக்கணும். யாராவது ஒருத்தர் வாங்க, போதும்" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. ஸ்லைடுக்குச் சட்டென்று பொறி தட்டியது. தன் நண்பர்களைப் பார்த்து, "டேய், எனக்கு ஓட்டுப் போடவாவது ஒருத்தர் பதவிய விடுங்கடா" என்றான். அத்தனை பேரும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். ஊக்க அதிகாரி தூங்குகிற மாதிரி நடித்தான். மின்விசிறி மட்டும் சுற்றியது. மெம்பருக்குக் கண் கரித்தது. கோட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தக் கழிப்பறைக் கதவை ஞாபகப்படுத்தினால் போதும். அது அவளுக்குத் தோன்றவும் செய்தது. சொல்ல மனசு வரவில்லை. மெல்ல உட்காரப் போனாள்.

கோட்டு எழுந்தான். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். உள்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு தாளை இழுத்து இரண்டு வரி எழுதி மினிட்ஸ் அக்காவிடம் கொடுத்தான்.

"ராஜினாமாவா? காரணம் என்னன்னு எழுதட்டும்?" என்றாள் அவள்.

அவன் நாற்காலியில் கிடந்த கோட்டை ஒருமுறை பார்த்தான். "மாநாட்டுல பேசப் போறதுக்கு முன்னாடி என் பேன்ட் ஜிப் போயிருச்சு. டாய்லெட்டுக்குள்ள உக்காந்து அழுதுட்டு இருந்தேன். இவதான் வெளிய நின்னு தச்சுக் குடுத்தா. நாலு மாசமாச்சு, ஒருத்தர்கிட்டயும் சொல்லல. இதே இவளுக்கு நடந்திருந்தா, நான் பஸ் ஏறறதுக்குள்ள எல்லார்கிட்டயும் சொல்லிருப்பேன்."

சார் முதல் முறையாகப் பேனாவைக் கீழே வைத்தார்.

"இத அப்படியே எழுதவா?" என்றாள் மினிட்ஸ் அக்கா.

"எழுது."

எழுதினாள். அது நகலெடுக்கப்பட்டுத் தலைமையகத்துக்கும் போனது. அங்கேயும் முத்திரை குத்தினார்கள், யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. பிறகு கோட்டு திரைக்குப் பின்னால் போய், ரகசியமாக வாக்களித்துவிட்டு வந்தான். பெட்டியைத் திறந்து எண்ணினார்கள்.

"எத்தன ஓட்டு?" என்று கேட்டாள் அம்மா அன்று சாயங்காலம்.

"ஒண்ணு."

"மத்தவங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப எல்லா ஓட்டும் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அம்மா மிஷினை மிதித்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்ததை மகள் பார்த்துவிட்டாள்.

நேர்காணலில் கோட்டு தேறவில்லை. வெறும் உறுப்பினரா என்று கேட்டார்களாம், ஆமாம் என்றானாம், அதோடு சரி. அடுத்த திங்கட்கிழமை கோட்டில்லாமல் மாடிப்படிக்கு அடியில் வந்து, தலையை நன்றாக இடித்துக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி நின்றான். மெம்பர், தலைவியான பிறகும் எல்லோருக்கும் அவள் மெம்பர்தான், கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு வேலை போச்சே அண்ணா, என்னால" என்றாள்.

"வேலையே கிடைக்கல, எங்க போறது? மெம்பருக்கு இங்க என்ன வேலைன்னு சொல்லு."

ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தாள். அந்த வாரம் முழுக்க அவன் ரன்னரை அழுத்தி அழுத்திச் சிக்க வைத்தான். அவள் திட்டவில்லை, பிரித்துப் பிரித்து மறுபடி கொடுத்தாள். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு முதலாண்டுப் பையன் வந்தான். பெரிய ஃபைல் ஒன்றை இடுப்புக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்திருந்தான். இவளைப் பார்த்தான், அவனைப் பார்த்தான், முகம் சிவந்து, வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தான்.

கோட்டு குறட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். இந்தத் தடவை தலையைக் குனிந்தே எழுந்தான்.

"டாய்லெட்டுக்குப் போ தம்பி. கதவ சாத்திட்டு, கழட்டி மேல போடு" என்றான். "நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."